பி.டி., சி.டி. நார்மல்

சிசேரியனுக்கு நாள் குறித்துவிட்ட எந்தப் பெண்ணின் ஃபைலைப் புரட்டினாலும் அதில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். மேலே பரிசோதனை நிலையத்தின் பெயர், கீழே இரண்டு வரி. பி.டி. இத்தனை நிமிடம், சி.டி. இத்தனை நிமிடம். பக்கத்தில் 'நார்மல்'. கசியும் ரத்தம் நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் முதலாவது; எடுத்த ரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டாவது. விரலில் ஒரு குத்து குத்தி, வடிதாளில் ஒற்றி ஒற்றி எப்போது நிற்கிறது என்று பார்ப்பார்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு துளியை ஏற்றி, குழாயை அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒடித்து, நூல் மாதிரி இழை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் சோதனை. திருவதிகையிலிருந்து பண்ருட்டி, கடலூர், சிதம்பரம் என்று எந்தப் பக்கம் பிரசவத்துக்குப் போனாலும் இந்தச் சீட்டு இல்லாமல் தியேட்டருக்குள் போக முடியாது.

இந்தச் சீட்டு ஒரு சடங்கு என்பதுதான் என் கட்சி. தேங்காய் உடைத்துவிட்டுப் புது வண்டியை எடுப்பது போல. உடைப்பதில் தப்பில்லை, அதனால் பிரேக் பிடிக்கும் என்று நம்பினால்தான் தப்பு. அந்தச் சீட்டை நம்பி நாம் செய்யாமல் விடுகிற காரியங்கள் பெண்களின் உயிரோடு சம்பந்தப்பட்டவை என்பதால் இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவள். ரத்த உறைவுக் காரணிகளை ஒன்று முதல் பதின்மூன்று வரை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள். ஆறாவது காரணி என்று ஒன்று கிடையாது, அது ஐந்தாவதன் இன்னொரு வடிவம் என்று தெரிந்ததும் அந்த எண்ணைக் காலியாக விட்டுவிட்டார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தப் பட்டியலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நேரடி உறவு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பிரசவத்தில் ரத்தம் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். நிறைமாதத்தில் கருப்பைக்குப் போகும் ரத்தம் நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி வரை. ஒரு கர்ப்பிணியின் உடம்பில் இருப்பதே ஐந்து, ஆறு லிட்டர்தான். நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த ரத்தக்குழாய்களின் வாய்கள் எல்லாம் திறந்து கிடக்கும். யாரும் எதுவும் செய்யாவிட்டால் பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். முடியாமல் காப்பாற்றுவது முதலில் கருப்பைத் தசை. அது இறுகிச் சுருங்கும்போது, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசை நார்கள் ரத்தக்குழாய்களை நெரித்து மூடுகின்றன. அதன்மேல் பூசுகிற சாந்துதான் ரத்த உறைவு.

பண்ருட்டிக்காரர்களுக்கு உறைவைப் புரியவைப்பது சுலபம். பலாக்காயை வெட்டினால் பால் வடியும். வெட்டுவாயிலேயே பிசினாக இறுகும். ரத்தத்தில் முதலில் தட்டணுக்கள் ஓட்டையில் போய் ஒட்டுகின்றன. ஒட்டவைக்கும் பசை வான் வில்லிபிராண்ட் காரணி. பிறகு காரணிகள் ஒன்றையொன்று தட்டி எழுப்பி, கடைசியில் ஃபைப்ரினோஜன் என்ற முதல் காரணி ஃபைப்ரின் இழையாகி வலை பின்னுகிறது. பதின்மூன்றாவது காரணி அந்த வலைக்கு முடிச்சுப் போடுகிறது. முடிச்சு இல்லாத வலை கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு பிரிந்துவிடும்.

இயற்கைக்குப் பிரசவம் பற்றித் தெரியும். அதனால் கர்ப்ப காலத்தில் உறைவுப் பொருள்களைச் சேமித்து வைக்கிறது. மற்ற நாளில் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் இருக்கும் ஃபைப்ரினோஜன், நிறைமாதத்தில் 4 முதல் 6 கிராம் வரை ஏறுகிறது. எட்டாவது காரணியும் வான் வில்லிபிராண்ட் காரணியும் கூடவே ஏறுகின்றன. ஒன்பதாவது ஏறுவதில்லை. பதின்மூன்றாவது குறையவே செய்கிறது. அதாவது, கர்ப்பிணியின் ரத்தம் அவளுடைய வழக்கமான ரத்தம் அல்ல. அன்றைக்கு எடுக்கிற சோதனை அவளுடைய பிறவிக் குறையை மறைத்துக் காட்டலாம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சீட்டுக்கு வருவோம். கசியும் நேரத்தை அளக்கிற முறையை வில்லியம் டியூக் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியது 1910இல். கண்ணாடிக் குழாயில் உறையும் நேரத்தை அளக்கும் லீ-வொயிட் முறை 1913. அந்தக் காலத்துக்கு அவை பெரிய காரியம்தான். ஆனால் குத்துகிற ஆழம், விரலின் குளிர்ச்சி, வடிதாளை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது வரை எல்லாம் விடையை மாற்றிவிடும். அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் கசிவு நேரம், அந்த அறுவையில் ரத்தப்போக்கு வருமா வராதா என்று சொல்வதில்லை என்று அமெரிக்க நோயியல் அமைப்புகள் 1998இலேயே அறிக்கை எழுதிவிட்டன. பிரிட்டனின் ரத்தவியல் சங்கம் 2008இல் இன்னும் ஒரு படி மேலே போனது. எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு உறைவுச் சோதனை எடுக்காதீர்கள், அதற்குப் பதிலாக ரத்தப்போக்கு வரலாற்றைக் கேளுங்கள், அதில் ஏதாவது தட்டினால் மட்டும் உரிய சோதனைக்குப் போங்கள் என்றது. ஆக, சோதனை போதாது என்பதோடு வாயைத் திறந்து கேட்பது அதைவிட மேல் என்றும் சொல்லிவிட்டார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? கேட்பதை விட்டுவிட்டோம், சீட்டை வைத்துக்கொண்டோம்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தட்டணு எண்ணிக்கை பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. முதுகுத்தண்டில் ஊசி போடப் போகும் மயக்க மருந்து நிபுணருக்கு அது தேவை. ரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணிக்கு மிகவும் தேவை. ரத்த வகை, ஹீமோகுளோபின் பற்றிக் கேள்வியே இல்லை. நான் சண்டை போடுவது அந்த இரண்டு வரிச் சீட்டோடும், அது தருகிற பொய் நிம்மதியோடும்தான்.

என் தங்கைக்கு 2014இல் முதல் பிரசவம், சிசேரியன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். எங்கும் நடக்கிற கதைதான். சீட்டில் எல்லாம் நார்மல். அறுவையும் நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் குழந்தையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒன்பதாம் நாள் ரத்தம் போக ஆரம்பித்தது. வீட்டில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அது கெட்ட ரத்தம். போவட்டும், போனாத்தான் வயிறு சுத்தமாவும்." மருத்துவமனைக்குப் போன் செய்தால், "தையல் எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு, ரெண்டு நாள் பாருங்க" என்று பதில். பத்தாம் நாள் காலை அவளுக்கு எழுந்து உட்கார முடியவில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஏழு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கருப்பை தப்பித்தது, அவளும் தப்பித்தாள்.

அங்கேதான் ஒரு இளம் மருத்துவர், பயிற்சியில் இருந்த பெண், எங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து பேசினார். "உங்களுக்கு மாசாமாசம் எத்தனை நாள் போகும்மா?" அம்மா, "எட்டு நாள், பத்து நாள். எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு எல்லாம் அப்படித்தான்" என்றார். பாட்டிக்குப் பல் பிடுங்கி ஒரு ராத்திரி முழுக்க ரத்தம் நிற்காமல் தலையணை நனைந்த கதையும் அப்போது வந்தது. சின்னம்மாவுக்கு இடித்துக்கொண்டால் கன்றிப்போய் ஒரு வாரம் நீலமாகவே இருக்கும் என்பதும் வந்தது. ஐந்து நிமிடப் பேச்சு. பிறகு எடுத்த சோதனைகள் அந்தப் பேச்சை உறுதிசெய்தன: வான் வில்லிபிராண்ட் குறைபாடு. கர்ப்பத்தில் தானாக ஏறியிருந்த காரணி, பிரசவத்துக்குப் பிறகு தன் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. இறங்கிய நேரத்தில் கருப்பையின் காயம் இன்னும் ஆறவில்லை. சீட்டு எடுத்த அன்று 'நார்மல்' என்பது உண்மைதான். அவள் அப்படியே இருக்கப்போவதில்லை என்பதை அந்தச் சீட்டால் சொல்ல முடியாது. அம்மாவால் சொல்ல முடிந்தது. யாரும் அம்மாவைக் கேட்கவில்லை.

இது அபூர்வமான நோய், ஆயிரத்தில் ஒருத்திக்கு வந்தால் அதிகம், இதற்காக எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று சொல்வார்கள். பிறவியிலேயே வரும் ரத்தப்போக்குக் குறைபாடுகளில் உலகெங்கும் மிகப் பரவலானது இதுதான். இதைக் கண்டுபிடித்த கதையே ஒரு குடும்பத்தைக் கேட்ட கதை. ஃபின்லாந்தை ஒட்டிய ஆலந்து தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவரிடம் 1924இல் கொண்டுவந்தார்கள். அவர் அவளோடு நிறுத்தவில்லை. பாட்டி, அத்தை, சித்தப்பா என்று குடும்பத்தையே விசாரித்து வம்சவரைபடம் போட்டார். 1926இல் அது கட்டுரையாக வந்தது. அந்தப் பெண் பதின்மூன்றாம் வயதில், நாலாவது மாதவிடாயின் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். நோய்க்குப் பெயர் வைத்து நூறு வருஷம் ஆகிறது. நம் ஊரில் இன்னும் அந்தக் கேள்வி வந்து சேரவில்லை.

நமக்கு அந்தக் கேள்வி மற்றவர்களைவிட அதிகமாக வேண்டும். காரணம் எல்லோருக்கும் தெரியும்: மாமன் மகள், அத்தை மகன். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி உறவுக்குள் திருமணம் செய்த பெண்கள் தமிழ்நாட்டில் 28 சதவீதம். இந்தியாவிலேயே நாம்தான் முன்னால். அம்மா வழியிலும் அப்பா வழியிலும் ஒரே குறை மறைந்திருந்து பிள்ளையில் சேர்ந்து வெளிப்படுகிற நோய்கள் இத்தகைய சமூகங்களில் கூடுதல். தட்டணுக்கள் ஒட்டாத கிளான்ஸ்மேன் நோய் அப்படி. பதின்மூன்றாவது காரணி இல்லாமை அப்படி. இந்தப் பதின்மூன்றாவதன் விசேஷம் என்ன தெரியுமா? அது அறவே இல்லாதவருக்கும் சி.டி. நார்மலாகத்தான் வரும். பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. கூட நார்மலாகவே வரும். ஏனென்றால் வலை பின்னப்படுகிறது, முடிச்சுதான் இல்லை. ஆனால் அது பிறந்த குழந்தையில் ஒரு அடையாளம் வைத்துவிட்டுப் போகும்: தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள் கணக்கில் ரத்தம் கசியும். அதை எந்த இயந்திரமும் ஞாபகம் வைத்திருக்காது. பாட்டி வைத்திருப்பாள்.

பெரும்பாடு என்று நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. மாதவிடாயில் அளவுக்கு மீறிப் போகும் ரத்தத்துக்குப் பழைய வைத்தியர்கள் வைத்த பெயர். பெயர் வைக்கத் தெரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை. 'எங்க வீட்டு வாகு' என்று மூடிவிடுகிறோம். வயிற்றுச் சூலையைச் சொல்லி அழுது தமிழில் பதிகமாக்கிய திருநாவுக்கரசரின் ஊர் இது. வீரட்டானேசுவரர் கோயிலுக்கு வருகிற எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். ஆணின் வயிற்று வலியைப் பாட்டாகக் கேட்ட ஊரில், பெண்ணின் ரத்தப்போக்கை அவளுடைய டாக்டரிடம்கூடச் சொல்லக் கூசுகிறோம்.

இனி மருத்துவமனைகள் பக்கம். பிரசவத்தில் ஒரு பெண் போய்விட்டால் வெளியே வந்து சொல்கிற வசனம் ஒன்று உண்டு: "ரத்தம் உறையலைங்க. நாங்க என்ன பண்றது?" கேட்கிறவர்கள் தலையெழுத்து என்று அழுதுகொண்டு போவார்கள். இந்த வாக்கியம் உண்மையாக இருக்கும்போதே பொய்யாகவும் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். பிரசவ ரத்தப்போக்கில் பத்துக்கு ஏழு, கருப்பை சரியாகச் சுருங்காததால் வருவது. கிழிசல், தங்கிவிட்ட நஞ்சு ஆகியவை அடுத்து. உறைவுக் குறையே முதல் காரணமாக இருப்பது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். ஆனால் எந்தக் காரணத்தால் தொடங்கினாலும், ரத்தம் போகப் போக அதோடு காரணிகளும் போகின்றன. இழந்ததை ஈடுகட்ட வெறும் சலைன் ஏற்ற ஏற்ற மிச்சமும் நீர்த்துப்போகிறது. உடம்பு குளிர்ந்தால் மிச்சமிருப்பதும் வேலை செய்யாது. முதலில் தீர்ந்துபோவது ஃபைப்ரினோஜன். அது 2 கிராமுக்குக் கீழே போன பெண்ணுக்கு ரத்தப்போக்கு கடுமையாகப் போகிறது என்று பிரான்சில் 2007இல் வந்த ஆய்வு காட்டியது. அதாவது, பெரும்பாலான பெண்களுக்கு ரத்தம் உறையாததால் ரத்தம் போகவில்லை. ரத்தம் போனதைப் பார்க்காமல் விட்டதால் உறையாமல் போயிற்று. முடிவைக் காரணம் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது.

விதிவிலக்கு உண்டு. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிய்ந்துகொள்வது, பனிநீர் ரத்தத்தில் கலப்பது, கடுமையான ரத்த அழுத்தம், கிருமித் தொற்று. இவற்றில் காரணிகள் எல்லாம் உடம்புக்குள்ளேயே எரிந்து தீர்ந்துவிடும். இதற்கு நம் முந்திரித் தோப்புகளில் ஒரு அண்ணன் இருக்கிறான்: கண்ணாடி விரியன். அதன் விஷம் பத்தாவது காரணியையும் ஐந்தாவதையும் தூண்டிவிட்டு, ஃபைப்ரினோஜனைத் தீர்த்துவிடுகிறது. விரியன் கடித்து வந்தவருக்கு நம் ஊர் அரசு மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள்? 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து. பாம்புக் கடியைப் பார்த்த நர்ஸ் அம்மாக்களுக்கு இது தூக்கத்திலும் தெரியும்.

ரத்தம் போய்க்கொண்டிருக்கும் தாய்க்கும் அதே மாதிரி ஒன்றை உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. 2 மில்லி ரத்தம், சின்னக் கண்ணாடிக் குழாய். உடம்புச் சூடு வேண்டும் என்பதால் குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொள்ள வேண்டும். நாலு நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும், பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை. ஏழு நிமிடத்தில் உறையவில்லை என்றாலோ, உறைந்தது பொலபொலவென்று உடைந்தாலோ, காரணிகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். கரண்ட் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். முன்னால் சொன்ன சீட்டும் ஒரு கண்ணாடிக் குழாய்தானே என்று கேட்கலாம். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. நல்லா இருக்கும்போது எடுத்து ஃபைலில் வைப்பது சடங்கு. ரத்தம் போகும்போது எடுத்து அதன்படி நடப்பது வைத்தியம். பாம்பு கடித்தவருக்குச் செய்வதைப் பிள்ளை பெற்றவளுக்கும் செய்யுங்கள் என்று கேட்பது அதிகமா?

சிசேரியனில் போன ரத்தத்தை அளப்பதும் இதே கதைதான். சாதாரணப் பிரசவத்தில் அரை லிட்டர், சிசேரியனில் ஒரு லிட்டர் தாண்டினால் ஆபத்துக் கோடு என்பது பழைய வரையறை. அந்த லிட்டரை யார் அளக்கிறார்கள்? பனிநீரும் ரத்தமும் கலந்து உறிஞ்சும் பாட்டிலில் கிடக்கும். மிச்சம் துணியில், தரையில், மேசைக்கடியில். கண்ணால் பார்த்து 'ஒரு ஐந்நூறு இருக்கும்' என்று எழுதுகிறார்கள். கண் குறைத்துத்தான் சொல்லும், அதுவும் ரத்தம் அதிகமாகப் போகப் போக இன்னும் குறைத்துச் சொல்லும். நனைந்த துணியைத் தராசில் வைத்து, உலர்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. பண்ருட்டிச் சந்தையில் முந்திரிப் பருப்பைக் கிராம் சுத்தமாக நிறுக்கிறார்கள். அதே ஊரில் ஒரு தாயின் ரத்தத்தைக் கண் மதிப்பில் விடுகிறோம். அளந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் சாதாரணப் பிரசவங்களில் அளவுக்கோடு போட்ட பையை விரித்து ரத்தத்தை அளந்து, கோடு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன என்று 2023இல் வெளியிட்டார்கள். அறுவை அரங்குக்கு அந்தப் பை பொருந்தாமல் போகலாம்; அளந்தால் சீக்கிரம் விழித்துக்கொள்வோம் என்ற பாடம் பொருந்தும்.

ரத்தம் போகத் தொடங்கியதும் போட வேண்டிய மருந்துகளில் ஒன்று டிரானெக்ஸாமிக் ஆசிட். ஜப்பானில் உடாகோ ஒகாமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் 1962இல் கண்டது. பின்னிய வலை கரைந்துபோகாமல் தடுக்கும். 21 நாடுகளில் 20,060 தாய்மார்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வந்தது. மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தப்போக்கு மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, தாமதித்தால் பயனில்லை. அப்படியானால் சிசேரியனுக்கு வரும் எல்லோருக்கும் முன்கூட்டியே போட்டுவிடலாமே என்றால் அதுவும் பதில் இல்லை. அமெரிக்காவில் சுமார் 11,000 பெண்களிடம் செய்து 2023இல் வந்த ஆய்வில் அப்படிப் போட்டதில் மரணமோ ரத்தம் ஏற்றுவதோ குறிப்பிடும்படி குறையவில்லை. எல்லோருக்கும் ஒரே சீட்டு, எல்லோருக்கும் ஒரே ஊசி என்கிற சோம்பேறித்தனத்துக்குக் குறுக்கு வழி இல்லை. யாருக்கு, எப்போது என்று பார்த்தே ஆகவேண்டும்.

இதெல்லாம் ஏன் இன்றைக்கு அவசரம்? தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 64. அதே 2019-21 கணக்கெடுப்பு சொல்வது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 34 ஆக இருந்தது. நம் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. இழக்கக் கையில் மிச்சம் இல்லாதவர்கள். சிசேரியன் பல உயிரைக் காப்பாற்றுகிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் சிசேரியனின் பில் சில சமயம் மூன்றாவது பிரசவத்தில்தான் வரும். நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பழைய தழும்பில் வேர்விட்டுப் பிரியாமல் போவது ரத்தப்போக்குகளில் மிகக் கொடியது. கீழிறங்கிய நஞ்சு உள்ள பெண்களில், முதல் சிசேரியனின்போது அந்த ஆபத்து நூற்றுக்கு 3, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40. அமெரிக்காவில் 2006இல் வெளியான பெரிய ஆய்வின் கணக்கு.

இந்த நிலையில் நம் வீடுகளில் சிசேரியனுக்கு நேரம் குறிப்பது ஜோசியர். "வெள்ளிக்கிழமை காலையில ஆறே முக்காலுக்குள்ள எடுத்துடுங்க டாக்டர்." டாக்டரும் எடுத்துத் தருகிறார். மயக்க மருந்து நிபுணர் அடுத்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போகிறார், ரத்த வங்கியில் அந்த வகை இருக்கிறதா, தேவைப்பட்டால் கிரையோ எங்கே கிடைக்கும், கடலூரா முண்டியம்பாக்கமா புதுச்சேரியா என்று எந்தக் குடும்பமும் கேட்பதில்லை. நல்ல நேரம் என்று ஒன்று இருந்தால் அது ரத்தமும் ஆளும் கையில் இருக்கும் நேரம்தான்.

மருத்துவர்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். சின்ன ஊரில் தனியாகப் பிரசவம் பார்ப்பவரின் பயம் பொய்யானதல்ல. ராஜஸ்தான் மாநிலம் தௌசா மாவட்டத்தில் 2022 மார்ச்சில், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் ஒரு பெண் இறந்தார். கூட்டம் கூடியது, மருத்துவர் அர்ச்சனா சர்மா மீது கொலை வழக்குப் போட்டார்கள். அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். எல்லாம் சரியாகச் செய்தும் தாய் இறப்பது உண்டு. அதைக் கொலை என்பது அநியாயம். "அந்தச் சீட்டு இல்லாவிட்டால் நாளைக்குக் கோர்ட்டில் எங்களைக் கேட்பார்களே" என்று ஒரு டாக்டரம்மா என்னிடம் சொன்னார். நியாயம்தான். என் பதில்: கோர்ட்டில் உங்களைக் காப்பாற்றப்போவது நீங்கள் கேட்ட கேள்வியும், அளந்த ரத்தமும், ஊசி போட்ட நேரத்தைக் குறித்த தாளும்தான். அந்தச் சீட்டு கேடயம் மாதிரி தெரியும், ஆனால் அட்டைக் கேடயம்.

'எதுக்கு இவ்வளவு பேச்சு, ரத்தம் போனா ரத்தம் ஏத்திக்கலாம்' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. நாடே பேசியது, பிறகு மறந்தது. ரத்தம் மருந்து, தேவைப்பட்டால் உயிர் தரும். தேவைப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வைத்தியம்.

தமிழ்நாட்டால் முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. தாய் இறப்பு ஒவ்வொன்றையும் உட்கார்ந்து ஆராயும் பழக்கத்தை நாட்டுக்கே காட்டிக்கொடுத்த மாநிலம் இது. 2018-20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு 54 தாய் இறப்பு; நாடு முழுக்கச் சராசரி 97. நல்ல எண்தான். கேரளத்தில் 19 என்பதையும் சேர்த்துப் படித்தால் மார்தட்டும் கை இறங்கிவிடும். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் பிக்மி எண் தருகிறோம். அந்தப் பதிவிலேயே ஐந்து கேள்வியைச் சேர்க்கச் சொல்கிறேன்: மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் போகுமா? பல் பிடுங்கியபோதோ காயம் பட்டபோதோ ரத்தம் நிற்கத் தாமதமானதா? முன் பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனதா, வீட்டுக்கு வந்த பிறகும் போனதா? உங்கள் அம்மா, பாட்டி, சகோதரிகளுக்கு இப்படி உண்டா? குடும்பத்தில் ஹீமோஃபீலியா உள்ள ஆண் பிள்ளை, தொப்புளில் ரத்தம் கசிந்த குழந்தை உண்டா? ஒரு 'ஆமாம்' வந்தால் ஏழாம் மாதத்துக்குள் பெரிய மருத்துவமனைக்கு ஒரு கடிதம். காரணி மருந்தை நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள். ஹீமோஃபீலியா பையன்களுக்குத் தெரிந்த அந்த வழி, அவர்களுடைய அம்மா அக்காமார்களுக்கும் பிரசவத்தில் தேவைப்படலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபீலியாவுக்கு மரபணுச் சிகிச்சையே கொடுத்து, ஐந்து பேருக்கு ரத்தப்போக்கே இல்லாமல் நின்றதை 2024 இறுதியில் உலகம் பார்த்தது. மரபணுவைத் திருத்தத் தெரிந்த மாநிலத்தில் ஐந்து கேள்வி கேட்க ஆளில்லை என்றால் அது அறிவுப் பஞ்சம் இல்லை, அக்கறைப் பஞ்சம்.

அரசு உத்தரவு வரும்போது வரட்டும். அதுவரை நம் கையில் ஒரு நாள் இருக்கிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு வைக்கிறோம். இரண்டு வீட்டுப் பாட்டிகளும் அத்தைகளும் பெரியம்மாக்களும் ஒரே கூடத்தில் உட்காரும் நாள் அது ஒன்றுதான். வளையல் போட்டு, சந்தனம் பூசி, கலவைச்சாதம் சாப்பிட்டு முடித்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஐந்து கேள்வியையும் கேளுங்கள். வந்த பதிலை ஒரு தாளில் எழுதி அந்த ஃபைலில், பி.டி., சி.டி. சீட்டுக்கு மேலே குத்திவையுங்கள். டாக்டர் படிக்காவிட்டால், "இத படிச்சிட்டு அப்புறம் தேதி சொல்லுங்க" என்று சொல்லுங்கள். பிள்ளை பெறப் போகிறவளைப் பற்றிக் கேட்க அவள் வீட்டாருக்கு உரிமை உண்டு. கேட்டதற்காக யாரும் சாகப்போவதில்லை.